மேலிருந்து பார்த்த மீன்கள்

காலையில் எழுந்து பல் விளக்குவதற்குள் நான்கு படங்கள் வந்திருந்தன. நான்கும் மீன். நான்கும் மேலிருந்து எடுத்தவை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வண்ண மீன் கடை வைத்திருப்பவர்கள் அனுப்புகிறார்கள். "அண்ணே, இது சயாமிஸா, சைனீஸா?" என்று ஒருவர். "போன்ல போட்டா ஃப்ளையிங் ஃபாக்ஸ்னு சொல்லுது, நீங்க என்ன சொல்றீக?" என்று இன்னொருவர். படம் பிடித்தால் மீனின் பெயரைச் சொல்லிவிடும் வசதி கைபேசியில் வந்துவிட்டது. அது வந்தால் என் தொந்தரவு குறையும் என்று நினைத்தேன். கூடித்தான் போயிருக்கிறது. முன்பு கேள்வி மட்டும் வரும். இப்போது கேள்வியையும் பார்க்க வேண்டும், கைபேசி சொன்ன பதிலையும் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பாளையம்பட்டியில் மகன் வீட்டு மாடிப்படி பதினெட்டும் எனக்கு எதிரிகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை எழுதிவிடுகிறேன். இதைப் படித்த பிறகும் மேலிருந்து படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

நான் விலங்கியல் படித்தவன். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் நூல் கோன் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆலை மூடியது. காரியாபட்டியில் மதுரை ரோட்டை ஒட்டி சிக்கந்தர் பாய் வண்ண மீன் மொத்த வியாபாரக் கிடங்கு வைத்திருந்தார். தப்பாமல் எண்ணத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். போனேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. தொழில் பழகிய கதையை நீட்டப் போவதில்லை. முதல் ஆண்டு மீனைக் கொன்றேன். இரண்டாம் ஆண்டு குறைவாகக் கொன்றேன். மூன்றாம் ஆண்டிலிருந்து வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்தேன்.

கிடங்கில் முப்பத்தாறு சிமெண்ட் தொட்டிகள். எல்லாம் இடுப்பளவு உயரம். தகரக் கூரையில் அங்கங்கே வெளிச்சத்துக்குக் கண்ணாடித் தகடு. சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டிகள் விடியற்காலையில் வந்து சேரும். ஆக்ஸிஜன் அடைத்த பாக்கெட்டுகளை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகு அவிழ்த்து, உயிரோடு இருப்பதையும் செத்ததையும் எண்ணுவது என் வேலை. நெல் அளக்கிறவர்களைப் போல பாய்க்கும் முதல் எண் 'ஒன்று' கிடையாது, 'லாபம்'. லாபம், ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ண வேண்டும். மனதுக்குள் எண்ணினால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பாய் அதிகம் பேசாதவர். வளைகுடாவில் ஒரு மீன் கடையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போவார். கோபம் வந்தால் குரல் தாழும். கொஞ்சம் தாழ்ந்தால் சின்னத் தப்பு. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்குத் தாழ்ந்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு யாருக்கும் இறங்காது. எந்தத் தகராறு வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எண்ணிச் சொல்லு."

இனி பாசிதின்னி. நம் பக்கத்து வெயிலுக்குக் கண்ணாடித் தொட்டியில் பத்து நாளில் பச்சை படர்ந்துவிடும். அதனால் மீன் வளர்க்கிற எல்லோரும் பாசி தின்னும் மீன் கேட்பார்கள். அதில் நல்ல பெயர் எடுத்தது சயாமிஸ். விரல் நீளம், பழுப்பு உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. அதைப் போலவே இன்னும் மூன்று இருக்கின்றன என்பது அப்போது எங்களுக்குக் காதில் விழுந்த செய்தி, அவ்வளவுதான். குஞ்சாக வரும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

குஞ்சுகளை மூன்றாம் தொட்டியில் விடுவோம். வாரம் ஒருமுறை வலை போட்டு, வளர்ந்ததை இரண்டாம் தொட்டிக்கு மாற்றுவோம். அதில் இன்னும் வளர்ந்தது முதல் தொட்டிக்குப் போகும். முதல் தொட்டி மீன்தான் முதல் தரம். அதைப் பாய் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. வெகுநாள் பழகியவர்களுக்கும் அக்கறையாக வளர்க்கிறவர்களுக்கும் மட்டும்தான்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் மல்லாங்கிணறு சண்முகத்தாய். கணவர் குவைத்தில். சண்முகத்தாய் தோட்டத்துக் கிணற்றடியில் நான்கு தொட்டி கட்டி, கோல்ட் ஃபிஷ் தாய் மீன் வைத்துக் குஞ்சு எடுத்து எங்களுக்குக் கொடுத்துவந்தார். தொட்டிச் சுவரில் பாசி கூடிவிட்டது என்று இருபது முதல் தரப் பாசிதின்னி வாங்கிப் போனார். பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் செய்தார். தாய் மீன்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். பாய் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

நாங்கள் போனபோது சண்முகத்தாயின் கொழுந்தன் ராமர் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். நிலமும் கிணறும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது.

"வாங்க பாய். மீனுக்கு வைத்தியம் பாக்கவா, துஷ்டி கேக்கவா?" என்றான்.

"இரு தம்பி, பாத்துட்டுச் சொல்றேன்."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? கரிசக்காட்டுல மீன் வளக்குறேம்ன்டு மதினி எறங்குனா, மீனு மானத்தப் பாத்துத்தேன் மெதக்கும். நான் அண்ணங்கிட்டச் சொல்லிப்புட்டேன். புரட்டாசியில மொளகாய் போடுறதுக்குள்ள இதுல ஒரு விருத்தியும் இல்லைன்டா நாலு தொட்டியையும் இடிச்சுப்புட்டு, தண்ணிய வெள்ளாமைக்குத் திருப்பிருவேன்."

சண்முகத்தாய் அவன் பக்கம் திரும்பவே இல்லை. எங்களிடம்தான் பேசினார். "முப்பது தாய் மீன் பாய். பதினேழு போயிருச்சு. தீவனம் மாத்திப் பாத்தேன், மஞ்சத்தூள் போட்டுப் பாத்தேன். நம்ம தண்ணிக்கு மீன் ஒத்துக்கிறாதுன்டு ஊரே சொல்லுது. எனக்கும் இப்பத் தெகச்சுப் போச்சு. ரெண்டு வருசமா இதே தண்ணிலதான பெழச்சுச்சு?"

பாய் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு தாய் மீனை வலையில் எடுத்துக் காட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் செதில் உரிந்து, சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. ஒரு மீனில் ஏழு வட்டம் எண்ணினேன்.

"உப்பு கொஞ்சம் கூடத்தான்," என்றார் பாய். "ஆனா உப்புக்கு வட்டம் போட்டுக் கொல்லத் தெரியாது."

"ஒங்க பாசிதின்னி மட்டுந்தான் பாய் நல்லா இருக்கு," என்றார் சண்முகத்தாய். "மொதல்ல செவத்தத் தின்னுச்சு. இப்ப மீனு மேல படிஞ்ச பாசியவும் நக்கி எடுக்குது. அந்தா, பாருங்க."

பார்த்தோம். ஒரு பெரிய கோல்ட் ஃபிஷ்ஷின் விலாவில் பாசிதின்னி ஒன்று ஒட்டிக்கொண்டு கூடவே போனது. தொட்டிக்குள் குனிந்து பார்க்கும்போது அது ஏதோ சேவை செய்வதைப் போலத்தான் இருந்தது. பாய்க்கும் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. சரக்கு நல்ல சரக்கு என்கிற திருப்தி.

"எத்தன இருக்கு?" என்று கேட்டேன்.

"இருவது விட்டேன். இருவதும் இருக்கு."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. இந்தத் தொழிலில் இருபது விட்டால் பதினெட்டு நிற்கும், பதினாறும் நிற்கும். இருபதுக்கு இருபது நான் கண்டதில்லை. அதிலும் மற்ற மீன் செத்து மிதக்கிற தொட்டியில் இவை கொழுத்திருந்தன. சுவரைப் பார்த்தேன். பச்சை அப்படியே இருந்தது. பாசி குறையவில்லை, பாசிதின்னி பெருத்திருக்கிறது. அப்படியென்றால் தின்பது எதை?

பாயின் பையில் பஸ்ஸுக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில் இருந்தது. ராமரிடம் அரிவாள் வாங்கி அதன் கழுத்தை அறுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பி, ஒரு பாசிதின்னியை அதில் விட்டேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாட்டிலின் சுவரில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டது. வாய் வட்டமாக விரிந்து, உதடு முழுக்க அப்பியிருந்தது. சுற்றிலும் ஒரு மீசைகூட இல்லை. செவுள் தையல் மிஷின் ஊசிபோல அடித்துக்கொண்டிருந்தது.

"அட்டை மாதிரில்ல ஒட்டுது," என்றான் ராமர். பல்குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

பாய் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பேசியபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"தாயி, இது நாங் குடுத்த மீனு. ஆனா நாஞ் சொன்ன மீனு இல்ல. இது சைனீஸு. சிறுசுல பாசி திங்கும். வளந்துட்டா பெரிய மீன் ஒடம்புல ஒட்டி, மேல இருக்க வழுவழுப்ப உறிஞ்சும். அது போனா மீனுக்குத் தோலு போன மாதிரி. புண்ணாகித்தான் சாகும்."

சண்முகத்தாய் பாட்டிலை வாங்கி அவரும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்பத் தண்ணியில கொறை இல்லையா?"

"இல்ல."

"எங் கையிலயும் கொறை இல்ல?"

"இல்ல தாயி."

அவர் திரும்பிக் கொழுந்தனைப் பார்த்தார். ராமர் மோட்டாரைப் பார்த்தான். இருபதையும் வலைபோட்டுப் பிடித்துப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், "என்ன பாய், கொழம்புக்கா?" என்று கேட்டார். "கணக்குக்கு," என்றார் பாய். காரியாபட்டி வரும்வரை அவர் பேசியது அந்த ஒரு சொல்தான்.

கிடங்குக்கு வந்ததும் வீட்டில் இருந்த சின்னக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவரச் செய்தார். முதல் தொட்டி மீன்களை ஒவ்வொன்றாக அதில் விட்டு, பக்கவாட்டில் பார்த்து, இரண்டாகப் பிரித்து எண்ணச் சொன்னார். நான் வழக்கம்போல "லாபம்" என்று ஆரம்பித்தேன். "ஒண்ணுன்னே சொல்லு," என்றார்.

அறுபத்து நான்கில் அறுபத்தொன்று சைனீஸ். இரண்டாம் தொட்டியில் நூற்றுச் சொச்சத்தில் ஒன்பதுதான். மூன்றாம் தொட்டியில் இரண்டே இரண்டு. மூன்று எண்ணையும் சொல்லிவிட்டு நான் நிற்கிறேன், அவரும் நிற்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. சென்னையிலிருந்து வந்தது கொஞ்சம் கலப்புச் சரக்கு. சைனீஸ் மற்றதைவிட வேகமாக வளரும். நாங்கள் வாரந்தோறும் வளர்ந்ததைப் பொறுக்கி மேலே மேலே ஏற்றியிருக்கிறோம். தரம் பிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இனம் பிரித்திருக்கிறோம். கவனமில்லாத கிடங்காக இருந்திருந்தால் எல்லாம் கலந்து எல்லோருக்கும் ஒன்றிரண்டு போயிருக்கும். நாங்கள் கவனமானவர்கள். அதனால் எங்கள் நல்ல வாடிக்கையாளர்களுக்கு மட்டும் முழுக்க முழுக்கத் தவறான மீன் போயிருந்தது. சிமெண்ட் தொட்டியில் நாங்கள் பார்த்ததெல்லாம் முதுகு. முதுகு எல்லாவற்றுக்கும் பழுப்பு.

அடுத்த வாரம் முழுவதும் பாய் பஸ் ஏறி இறங்கினார். முதல் தரம் வாங்கிய கடைகள் பதினொன்று. எல்லாக் கடைக்கும் நேரில் போனார். திருச்சுழிக் கடைக்காரர், "நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது பாய்," என்று சிரித்தாராம். "அதுக்குத்தான் வந்தேன்," என்று சொல்லியிருக்கிறார். முதல் தொட்டியைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காலியாகப் போட்டுவிட்டார். சரக்கு வைக்க இடம் போதாமல் நாங்கள் திண்டாடிய நாள்களிலும் அதில் தண்ணீர் விடவில்லை.

அதன் பிறகு கிடங்கில் புது நடைமுறை ஒன்று வந்தது. படம் அனுப்புகிறவர்கள் இந்த இடத்தை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

வந்த அன்றைக்கு எந்த மீனுக்கும் பெயர் சொல்லக் கூடாது. பாக்கெட்டுக்குள் இருட்டில் அலைக்கழிந்து வந்த மீனுக்குக் கோடு வெளுத்திருக்கும். இரண்டு நாள் தேறவிட்டுத்தான் பார்க்க வேண்டும், அதுவும் கண்ணாடியில், பக்கவாட்டில். முதலில் வாயைப் பார்ப்பது. கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டி, உதட்டை அப்பிக்கொண்டு, மீசையில்லாமல் இருந்தால் சைனீஸ். அதற்குமேல் அந்த மீனைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒட்டாமல் மேய்ந்துகொண்டே போனால் அடுத்து வாலைப் பார்க்க வேண்டும். சயாமிஸின் கறுப்புக் கோடு உடம்போடு நிற்காது, வால் துடுப்புக்குள் புகுந்து கடைசிவரை ஓடும். கோட்டின் ஓரம் ரம்பப் பல்போல இருக்கும். மற்ற துடுப்புகள் கண்ணாடி மாதிரி, நிறமே இருக்காது. கோடு வாலடியிலேயே நின்றுவிட்டால் அது கடைக்காரர்கள் டூப்ளிகேட் சயாமிஸ் என்கிற வேறு மீன். கோடு ஓரம் வெட்டினாற்போல நேராக இருந்து, அதற்கு மேலே தங்க நிறத்தில் இன்னொரு கோடு ஓடி, துடுப்பிலும் நிறம் இருந்தால் ஃப்ளையிங் ஃபாக்ஸ். அது பார்க்க அழகு, ஆனால் வளர வளர அடுத்த மீனைத் துரத்துவதே தொழிலாகிவிடும். மீசை எத்தனை ஜோடி என்றும் எண்ணலாம். சயாமிஸுக்கு ஒரு ஜோடிதான் கண்ணுக்குத் தெரியும், மற்ற இரண்டுக்கும் இரண்டு ஜோடி. ஆனால் அதற்கு நல்ல கண் வேண்டும். இப்போது என்னால் முடிவதில்லை.

இன்னொன்று. சயாமிஸ் நீந்துவதை நிறுத்தினால் தண்ணீரில் நிற்காது, கீழே இறங்கிவிடும். அடித்துடுப்பையும் வாலையும் ஊன்றி, முட்டுக்கொடுத்தாற்போல உட்காரும். ஒரு நிமிஷம் பொறுமையாகப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிஷம்தான் இப்போது யாரிடமும் இல்லை.

சண்முகத்தாயின் கதையை முடிக்கிறேன். பதின்மூன்று தாய் மீனும் பிழைத்தன. தழும்பு மட்டும் போகவில்லை. பங்குனிக் கடைசியில் முட்டையிட்டன என்று போன் வந்தது. ஆடி மாதம் ஒரு நாள் இரண்டு பிளாஸ்டிக் குடத்தில் குஞ்சுகளோடு அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். கிடங்கில் அப்போது திருச்சுழிக் கடைக்காரரும் இருந்தார். குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கெண்டக் குஞ்சக் கொண்டாந்திருக்க?"

சிரிப்புக்காகச் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. கோல்ட் ஃபிஷ் குஞ்சு பிறக்கும்போது பொன்னாக இருக்காது. சேற்று நிறத்தில், கெண்டைக் குஞ்சு மாதிரியேதான் இருக்கும். நிறம் திரும்ப மாதக்கணக்காகும். அதனால் நிறம் வராத குஞ்சை எடுப்பதில்லை என்பது எங்கள் கிடங்கின் பழைய சட்டம். முன்பு ஒருவர் குளத்துக் கெண்டையைக் கொண்டுவந்து ஏமாற்றப் பார்த்ததிலிருந்து பாய் போட்ட சட்டம் அது. சண்முகத்தாய்க்கும் அது தெரியும். இதுவரை நிறம் வந்த குஞ்சுதான் கொண்டுவந்திருக்கிறார்.

"சட்டம் தெரியும் பாய்," என்றார். "நெறம் திரும்புற வரைக்கும் வச்சிருக்க எனக்கு நாளில்ல. புரட்டாசி வருது. ராமரு மம்பட்டியத் தீட்டிக்கிட்டு நிக்கிறான். ஒரு ஈடு குஞ்சு வெளிய போச்சுன்டு காமிச்சாத்தான் தொட்டி நிக்கும். நெறம் வரும், நாஞ் சொல்றேன். ஒண்ணு ரெண்டு கடைசி வரைக்கும் வராமலே நின்டுரும். அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன்."

நான் கண்ணாடித் தொட்டியை எடுக்கப் போனேன். கெண்டைக்கு வாயோரம் மீசை உண்டு, கோல்ட் ஃபிஷ்ஷுக்குக் கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இப்போது முறையும் அதுதானே.

"அத எடுக்காத," என்றார் பாய்.

"பாய், ஒருதரம்..."

"எண்ணு. எண்ணுனாப் போதும்."

முதல் தொட்டியில் தண்ணீர் விடச் சொன்னார். ஆறு மாதமாகக் காய்ந்து கிடந்த தொட்டி நிறைய நேரமாகியது. அதுவரை சண்முகத்தாய் சேலைத் தலைப்பால் குடத்தின் வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு சின்ன வடிகட்டியால் அள்ளி அள்ளி விட்டு, லாபத்தில் தொடங்கி நானூற்றுப் பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணினேன். திருச்சுழிக்காரர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தினமும் வந்தவுடன் முதல் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பேன். சேற்று நிறம் அப்படியே இருக்கும். ஆவணியில் ஒரு நாள் ஒன்றின் வயிற்றில் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. மறுநாள் ஆறு. அதன்பின் எண்ணி மாளவில்லை. புரட்டாசி பிறக்கும்போது தொட்டி முழுக்க அடுப்புத் தணல் கொட்டினாற்போல இருந்தது. அந்த நிறம் ஒன்றுதான் மேலிருந்து பார்த்தாலும் ஏமாற்றாதது. மல்லாங்கிணற்றில் ராமர் தொட்டியை இடிக்கவில்லை. தொட்டியிலிருந்து மாற்றுகிற தண்ணீரை மிளகாய்க்குப் பாய்ச்சினால் செடி கருகருவென்று வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், தானே கண்டுபிடித்தது போல.

மூன்று மட்டும் நிறம் திரும்பவே இல்லை. சேற்று நிறத்திலேயே நின்றன. சண்முகத்தாய் சொன்னதுதான். ஆனால் என் சுபாவம் விடாது. ஒரு வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்தபோது கண்ணாடித் தொட்டியை எடுத்து, மூன்றையும் அதில் விட்டுப் பார்த்தேன். திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்தேன். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது.

பாய் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். கண்ணாடியின் அடியில் ஒரு விரலை வைத்து, ஈரத்தைப் பார்த்தார்.

"மீசை இருந்துச்சா?"

"இல்ல பாய்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மிச்ச ஈரத்தை அவரே துடைத்தார்.